கட்டைவிரல் அக்காவின் மௌன மாதம்

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரைக்கும் இன்று எந்தப் பெண்ணாவது கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடிகிறது என்றால், அதற்குக் காரணம் யோகாவும் இல்லை, மாத்திரையும் இல்லை. கட்டைவிரல் அக்காதான். இதை எந்த மேடையிலும் ஏறிச் சொல்வேன். ஏறும்போது இடுப்பு பிடித்துக்கொண்டால் அதற்கும் அவரையே கூப்பிடுவேன்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. எங்கள் பக்கத்தில் அது யாருக்கும் தெரியாது. குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பிரிவில் பல வருஷம் உதவியாளராக இருந்தார். பிறகு மசாஜ் தெரபியை முறையாகப் படித்து, சான்றிதழை லேமினேட் செய்து ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு, பெண்களுக்கு மட்டும் வீடு தேடிப் போய்ப் பார்க்க ஆரம்பித்தார். சாதாரண மனிதர்களுக்குக் கையின் ஓரத்தில் கட்டைவிரல் இருக்கும். இவருக்குக் கட்டைவிரலின் ஓரத்தில் கை இருக்கும்.

எனக்கும் அவருக்கும் ஒரே வயது. நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை மேடம் என்பார். எதிராளிதான் மூத்தவள் என்று இருவருமே மனதார நம்புகிறோம்.

முதல் தடவை வந்தபோது, கழுத்து வலிக்கிறது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் என்னைத் தாண்டி நேராகப் படுக்கையறைக்குள் போய்விட்டார். கழுத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"தலகாணி எங்க கீது மேடம்?"

என் இரண்டு தலையணைகளையும் எடுத்துக் கத்திரிக்காய் பொறுக்குவது போல அழுத்திப் பார்த்தார். "இன்னா மேடம், தலகாணியா இது? சிமென்ட் மூட்ட. அதுவும் ரெண்டு அடுக்கு!" என்று இரண்டையும் கொண்டுபோய் காம்பவுண்டு சுவரின்மேல் வைத்துவிட்டு வந்தார். எங்கள் தெருவில் எந்த வீட்டுச் சுவரில் தலையணை உட்கார்ந்திருந்தாலும், அந்த வீட்டில் அக்கா வைத்தியம் ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தம். அடுத்தது சமையலறை. அடுப்பு மேடையோடு தன் இடுப்பை ஒட்டி நின்று உயரம் பார்த்தார். கடைசியில் நான் எழுதுகிற நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு தடவை ஆடினார்.

"இதுல குந்திகினுதான் எழுதுறீங்களா? அதான் எழுதுறதெல்லாம் கோணலா கீது."

"நீங்க நான் எழுதுனதைப் படிச்சிருக்கீங்களா?"

"இந்த நாற்காலியப் படிச்சேனே, பத்தாதா?"

இத்தனைக்கும் பிறகுதான் கழுத்தைத் தொட்டார். அவருடைய மரியாதைக்கு ஒரு கணக்கு உண்டு. விரல் தோலுக்கு மேலே இருக்கும்வரை "மேடம், நீங்க." விரல் உள்ளே இறங்கியதும் "நீ." எடுத்துவிட்டால் மறுபடியும் "நீங்க." திட்டாமல் அவரால் அழுத்த முடியாது, அழுத்தாமல் திட்டவும் முடியாது. "ஃபோன தோள்ல சொருவிகினு எம்மா நேரம் பேசுவ? கை இல்ல உனக்கு? அந்தக் கடன்காரி தங்கச்சிகிட்டதான பேசுற? அவகிட்ட பேசுனா தோளு இறுகாம இன்னா செய்யும்?" எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள் என்று அவரிடம் நான் சொன்னதே இல்லை. தோள்பட்டை சொல்லிவிட்டது.

முகங்கள் மட்டும் அவருக்கு நினைவில் நிற்காது. ஒருநாள் தாம்பரம் மார்க்கெட்டில் கீரைக் கடை எதிரே நேருக்கு நேர் பார்த்துச் சிரித்தேன். நன்கொடை கேட்க வந்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். மனம் நொந்து திரும்பி நாலு அடி நடந்திருப்பேன், மார்க்கெட்டே அதிர ஒரு கூச்சல். "ஏ மேடம்! எடது தோள்பட்ட! இன்னா கண்டுக்காம போறீங்க?"

அதில் அவருக்குப் பெருமை வேறு. "மூஞ்சி ஆயிரம் வேசம் போடும் மேடம். முதுகு போடாது. ஒருவாட்டி தொட்ட முதுக நான் மறந்ததா சரித்திரமே கெடயாது."

தொழிலில் இப்பேர்ப்பட்டவருக்கு, தொழிலின் பெயர்தான் பேஜார். மளிகைக் கடை பலகையில் 'மசாஜ் - பெண்களுக்கு மட்டும்' என்று ஒரு அட்டை ஒட்டினார். ஒரு வாரத்தில் முப்பது ஃபோன். முப்பதும் ஆண்கள். "ஃபுல் பாடியா மேடம்?" என்று குழைந்த ஒருவனிடம், "ஆமா கண்ணு, அட்ரஸ் சொல்லு. எங்க வூட்டுக்காரு ஆட்டோதான் ஓட்றாரு. அவரே வந்து உன்னய முழுசா அள்ளிகினு வருவாரு" என்றார். அதன்பின் அந்த எண்ணிலிருந்து சத்தமே இல்லை. அக்கா குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் மட்டும் வந்து, "அந்த வார்த்தை நம்ம ஏரியாவுக்கு வேண்டாமே, குடும்பங்க இருக்கற இடம்" என்று அட்டையைக் கிழித்துவிட்டுப் போனார். அவர் மனைவியின் முட்டியை நடக்க வைத்ததே அக்காதான். அதைச் சொன்னால், "அது வைத்தியம்ங்க, இது வேற" என்றார்.

மேடவாக்கத்து அடுக்குமாடிகளில் இன்னும் விசேஷம். அங்கே வருகிறவர்கள் என்ன வேலைக்கு வருகிறார்கள் என்று வாசலில் ஃபோனில் பதிய வேண்டும். சமையல், டிரைவர், பால், கூரியர் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. மசாஜ் கிடையாது. வாசல் காவலாளி யோசித்து யோசித்து அக்காவைப் பூச்சி மருந்து அடிப்பவராகப் பதிந்துவிட்டார். வாரா வாரம் அந்தப் பெயரில்தான் உள்ளே போய் வந்தார். ஆறாவது மாடிப் பாட்டி ஒருத்தர் லிஃப்டில் மடக்கி, எங்கள் வீட்டுக் கரப்பான் மட்டும் ஏன் சாகவில்லை என்று அரைமணி நேரம் சண்டை பிடித்தார்.

இதையெல்லாம் அக்கா சிரித்துக்கொண்டே சொல்வார். ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பு வராது. அது ஜெனி.

ஜெனி அவருடைய ஒரே மகள். ஓ.எம்.ஆரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நல்ல பெண், தங்கமான பெண். ஆனால் அலுவலகத்தில் அம்மா என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால், "ஹெல்த்கேர்ல இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள். என்னிடம் ஒருமுறை மனம் திறந்தாள். "தப்பான வேலை இல்லைன்னு எனக்குத் தெரியும் ஆன்ட்டி. ஆனா அந்த வேர்டைச் சொன்னதுமே எல்லாரும் ஒரு மாதிரி சிரிக்கறாங்க. எனக்கு எக்ஸ்ப்ளெயின் பண்ணத் தெம்பு இல்ல." வயது வந்ததிலிருந்து அம்மாவைத் தன்மேல் கைவைக்கவும் விட்டதில்லை. எண்ணெய் வாசனை ஆகாதாம். ஊர் முதுகையெல்லாம் மனப்பாடம் செய்தவருக்குத் தன் வீட்டு முதுகு ஒன்றைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

அப்போதுதான் மேடவாக்கத்தில் புதிதாகத் திறந்த ஒரு ஸ்பாவிலிருந்து அழைப்பு வந்தது. மாதச் சம்பளம், பி.எஃப்., யூனிஃபார்ம், கழுத்தில் தொங்கவிட அட்டை. பதவியின் பெயர் சீனியர் வெல்னெஸ் தெரபிஸ்ட். ஒரு மாதம் சோதனை. சரிப்பட்டால் இரண்டு வருஷ ஒப்பந்தம். சோதனை மாதத்திலும் அந்த இரண்டு வருஷத்திலும் வெளியே ஒரு கழுத்தையும் தொடக்கூடாது.

தாள்கள் இங்கிலீஷில் இருந்ததால் என்னிடம் கொண்டுவந்தார். நான் படித்துச் சொன்னேன். வெளியே தொடக்கூடாது என்ற பத்தியை மட்டும் மூன்று முறை படித்தேன். என் கழுத்துக்கு அது நன்றாகவே புரிந்தது.

"நீங்க இன்னா சொல்றீங்க மேடம்? சொந்தமா செய்யறதா, ஸ்பாவா?"

பத்திரிகையில் எழுதுகிறவளுக்கே உரிய பெருந்தன்மையோடு, "உங்க மனசு என்ன சொல்லுதோ அதைச் செய்யுங்க அக்கா" என்றேன். மனசு, போகாதே என்று சொல்லித் தொலைக்காதா என்று உள்ளுக்குள் ஜெபம் செய்தேன்.

"மனசு இன்னா சொல்லும்? ஜெனி ஃபோட்டோல அந்த ஸ்பாவக் காட்டி, 'இங்கன்னா நான் தைரியமா சொல்லுவேம்மா'ன்னா. எம்பொண்ணு என்னப் பத்திச் சொல்றப்ப மூஞ்ச சுளிக்காம சொல்லணும் மேடம். எனக்கு அது போதும்."

இதற்குமேல் நான் என்ன சொல்ல? போய்விட்டார்.

அது ஒரு வேடிக்கையான நியாயம். ஹாலில் டியூப்லைட் போட்டு, வாசல் கதவைத் திறந்து வைத்து, பக்கத்தில் குக்கர் விசில் அடிக்கத் தோளைப் பிடித்துவிட்டால் அது சந்தேகத்துக்குரிய தொழில். அதையே கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிச் செய்தால் கௌரவம். அந்த ஸ்பாவின் பெயரை உச்சரிக்க நாக்கைக் கடன் வாங்க வேண்டும். கீழே தெருவில் ஜனங்கள் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்பார்கள். மேலே ஸ்பீக்கரில் நாள் முழுக்க அருவி கொட்டும்.

அக்காவுக்கு அங்கே வைத்த பெயர் மாயா. ஏற்கெனவே ஒரு பெயரைத் தொலைத்தவருக்கு அதனால் பெரிய வித்தியாசம் இல்லை. பிரச்சினை வாய்தான். வருகிறவர்களை கெஸ்ட் என்றுதான் சொல்ல வேண்டும். கிசுகிசு என்று மூன்று கேள்விகள் கேட்கலாம்: சாஃப்டா, மீடியமா, ஃபர்மா? அதற்குப் பிறகு பேசவே கூடாது. முடிந்ததும் பத்து முறைக்கான பேக்கேஜைப் பரிந்துரைக்க வேண்டும். முதல் வாரத்தில் ஒரு கெஸ்டிடம், "உனக்கு ஒண்ணியும் இல்ல, செருப்ப மாத்து, இனிமே இங்க வராத" என்று காதோடு பரிந்துரைத்தார். மேனேஜர் தண்ணீர் குடித்துவிட்டு, "மாயா மேம், இங்க யாரையும் குணப்படுத்தக் கூடாது. ரிலாக்ஸ் மட்டும் பண்ணணும்" என்று பொறுமையாக விளக்கினார். அன்றிலிருந்து அக்கா வாயைக் கட்டிக்கொண்டார். பேச வந்ததெல்லாம் விழுங்கி விழுங்கி அவருக்கே நெஞ்சு எரிச்சல் வந்துவிட்டது.

என் நிலைமை அதைவிட மோசம். மூன்றாவது வாரம் என் கழுத்து வலது பக்கம் மட்டும்தான் திரும்பியது. ஆட்டோக்காரருக்கு இடதுபுற வழிகளைச் சொல்ல முடியாமல் சுற்றிச் சுற்றி வீடு வந்தேன். பொறுக்க முடியாமல் சோதனை மாதத்தின் கடைசி நாளன்று, பணம் கொடுத்தாவது அந்த விரலைத் தரிசித்துவிடுவது என்று நானே ஸ்பாவுக்குப் போனேன். மாயாதான் வேண்டும் என்றேன். மாயா இன்னொரு கெஸ்டுக்குப் போகிறார் என்று சொல்லி, எனக்குப் பூனைபோல நடக்கும் ஒரு சின்னப் பெண்ணைக் கொடுத்தார்கள். இரண்டு கட்டில் போட்ட அறை. என் முடியைத் துணித் தொப்பிக்குள் திணித்துக் கட்டிலில் ஏற்றிவிட்டு, எண்ணெய் எடுத்துவர அவள் போனாள்.

பக்கத்துக் கட்டிலில் அதே மாதிரித் தொப்பியோடு ஒரு பெண் வந்து ஏறினாள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தேன். ஜெனி.

"ஆன்ட்டி! நீங்க எங்க இங்க?"

"நீ எங்க இங்க?"

"டீம்ல எல்லாருக்கும் வவுச்சர் குடுத்தாங்க. வேண்டாம்னு சொல்ல முடியல. அம்மாவுக்கு இன்னைக்கு வீக்லி ஆஃப், அதான் இந்த நாளா பாத்து வந்தேன்."

"ஆஃப் எல்லாம் கிடையாது. இன்னைக்குக் கையெழுத்துப் போடற நாள்னு வரச் சொல்லிட்டாங்க. உங்கம்மா இங்கதான்..."

கதவு திறந்தது. ஜெனி குப்புறப் படுத்து, முகம் வைப்பதற்காகக் கட்டிலின் தலைமாட்டில் இருந்த ஓட்டைக்குள் முகத்தைப் புதைத்தாள். வந்தது அக்கா. யூனிஃபார்மில், அட்டையோடு, தலை குனிந்து ஒரு பூதாகரமான மௌனத்தோடு வந்தார். "சாஃப்டா, மீடியமா, ஃபர்மா?" என்று கிசுகிசுத்தார். ஜெனி பேசாமல், இரண்டாவது என்று இரண்டு விரலைக் காட்டினாள். மீடியம். நானும் என் ஓட்டைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். எனக்கு வந்த பெண் என் முதுகில் பூ தூவுவது போல ஏதோ செய்துகொண்டிருந்தாள்.

அருவி கொட்டியது. ஐந்து நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்தப் பக்கம் 'ச்ச்' என்று ஒரு சத்தம். சற்றுப் பொறுத்து ஒரு பெருமூச்சு. ஒரு மாதமாக அடைத்து வைத்த மதகு அது, எனக்குத் தெரியும். நான் கட்டிலின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்மா, இன்னா வயசு உனக்கு? இருவத்தஞ்சு இருக்குமா? இருவத்தஞ்சு வயசு முதுகா இது? அறுவது வயசு மூட்ட தூக்குறவனுக்குக் கூட இப்படி இருக்காதே! கட்டில்ல சாஞ்சுகினு மடியில கம்ப்யூட்டர வச்சுகினு வேல செய்யறியா? இந்த எடத்துல வலிக்கல? ராத்திரி தூங்குறியா இல்லியா? யாருகிட்டயும் சொல்லாம எத்தினி மாசமா இத உள்ளயே வச்சுகினு கீற?"

என் பக்கத்துப் பெண் பூ தூவுவதை நிறுத்திவிட்டாள்.

"உங்கம்மா இன்னா பண்ணிகினு கீறா? ஒரு நாளு தொட்டுப் பாத்தா தெரிஞ்சிருக்குமே! பெத்தவளுக்குக் கண்ணு இல்ல?"

அருவிச் சத்தத்துக்கு நடுவே ஓட்டைக்குள்ளிருந்து அழுகையில் நனைந்த குரல் வந்தது.

"கண்ணு இருக்கும்மா. நான்தான் காட்டல."

அக்கா விரலை எடுக்கவில்லை. நான் திரும்பிப் பார்க்கலாம் என்றால் என் கழுத்துதான் அந்தப் பக்கம் திரும்பாதே. காதால் மட்டும் கேட்டேன். எண்ணெய் பாட்டில் மறுபடி திறக்கும் சத்தம் கேட்டது. மீதி முக்கால் மணி நேரமும் அந்த விரல் இறங்கி ஏறிக்கொண்டே இருந்தது. ஜெனி நடுநடுவே மூக்கை உறிஞ்சினாள். எண்ணெய் வாசனையைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் என் ஓட்டைக்குள் மூக்கை உறிஞ்சினேன். என் தெரபிஸ்ட் பயந்துபோய், "பிரஷர் ஓகேவா மேம்?" என்றாள்.

வெளியே வந்தபோது மேனேஜர் காத்திருந்தார். சோபாவில் ஜெனியின் டீம் பெண்கள் நாலு பேர் கிரீன் டீயோடு உட்கார்ந்திருந்தார்கள். சத்தம் அங்கே வரைக்கும் கேட்டிருக்கிறது.

"மாயா மேம், வாட் இஸ் திஸ்? லாஸ்ட் டே அன்னைக்கு இப்படியா? முதல்ல கெஸ்ட்கிட்ட சாரி சொல்லுங்க."

அக்கா வாயைத் திறப்பதற்குள் ஜெனி நடுவில் வந்து நின்றாள். தலையில் இன்னும் அந்தத் துணித் தொப்பி. முகத்தில் ஓட்டையின் வட்டம் அச்சாகப் பதிந்திருந்தது.

"சாரி எல்லாம் வேணாம் சார். இவங்க மாயா இல்ல, எங்கம்மா." டீம் பக்கம் திரும்பினாள். "எங்கம்மா மசாஜ் தெரபிஸ்ட்."

சொல்லிவிட்டு மூச்சை நிறுத்திக்கொண்டு நின்றாள். யாரும் சிரிக்கவில்லை. டீமில் ஒருத்தி எழுந்து, "ஜெனி, உங்கம்மா என் முதுகையும் பாப்பாங்களா? என்னையும் திட்டச் சொல்லேன்" என்றாள். மேனேஜர் மட்டும் கடமை தவறாமல், "ஸ்டாஃப் ஃபேமிலிக்கு வவுச்சர் செல்லாதே" என்றார்.

ஆனால் அவரும் கெட்டிக்காரர்தான். அந்தப் பெண் கேட்டதும் அவர் மூளை வேலை செய்துவிட்டது. ஒப்பந்தத்தை நீட்டி, "மாயா மேம், நீங்க பேசலாம். திட்டவும் செய்யலாம். அதையே தனி பேக்கேஜா போட்டுடலாம், பிரீமியம். அம்மா டச்னு பேர் வைக்கலாம்" என்றார். அருவியைக்கூட நிறுத்திவிடுவதாகச் சொன்னார்.

எல்லாமே கிடைத்துவிட்டது. சம்பளம், அட்டை, பேச அனுமதி, எல்லாவற்றுக்கும் மேலே மகள் வாய் நிறையச் சொன்ன அந்த வார்த்தை. அக்கா பேனாவைக் கையில் வாங்கினார். என் கழுத்துக்கு நான் மனதுக்குள் அஞ்சலி செலுத்திவிட்டேன்.

பேனாவைத் திரும்ப மேஜைமேல் வைத்தார்.

"ஒத்து வராது சார். இருட்டுல ஒரு முதுகக் கொணாந்து போடுறீங்க. அது எந்த நாற்காலிலேந்து வந்துச்சு, எந்தத் தலகாணில படுத்துச்சு, எதப் பாத்து பயந்துகினு கீது, ஒண்ணியும் எனக்குத் தெரியல. நான் பெத்த பொண்ணையே யாரோ ஒரு கெஸ்டுன்னு நெனச்சிட்டேன் சார். முதுகத் தொடறதுக்கு முன்னாடி நான் வூட்டப் பாக்கணும்."

அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஜெனியின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். நானும் வலது பக்கமாகவே திரும்பித் திரும்பி அவர்கள் பின்னால் இறங்கினேன்.

அக்கா மறுபடியும் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறார். ஜெனியின் டீம் வாயிலாகச் செய்தி பரவி, ஓ.எம்.ஆரில் கம்ப்யூட்டர் முன்னால் கூன் போட்ட பெண்களெல்லாம் இப்போது வரிசையில் நிற்கிறார்கள். ஃபோன் எடுப்பது ஜெனி. போன வாரம் கழுத்து பிடித்துக்கொண்டதும் பழைய உரிமையோடு கூப்பிட்டேன்.

"ஆன்ட்டி, அம்மாவுக்கு மூணு வாரத்துக்கு ஃபுல். எங்கம்மா மாதிரி மசாஜ் பண்றவங்க இந்தப் பக்கம் வேற யாரு இருக்காங்க, சொல்லுங்க? வெயிட் பண்ணித்தான் ஆகணும்" என்றாள், கறாராக.

நானா காத்திருப்பது? சண்டை போட வாயைத் திறந்தேன். அந்தக் குரலில் இருந்த கர்வத்தைக் கேட்டதும் மூடிக்கொண்டேன். மூன்று வாரம்தானே, வலித்தால் வலிக்கட்டும்.